60 கேள்விகளை ஏன் தமிழாக்கவில்லை: நம் சங்கத்தின் கல்விக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கல்விக் குழுவினருக்கு,

வணக்கம். போன மாதம் செயலாளர் அண்ணன் போன் செய்து, "நீங்கதானே ஸ்கூல் கவுன்சிலர், 60 கேள்விதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தா முடிஞ்சிடும்" என்றார். (இங்கே அமெரிக்கப் பள்ளியில் மாணவர்களுக்குப் படிப்பு, தொழில் பற்றி வழிகாட்டுவதுதான் என் வேலை.) அமெரிக்கத் தொழிலாளர் துறை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் ஓ-நெட் தொழில் ஆர்வச் சோதனையைத் தமிழில் பெயர்த்துத் தர வேண்டும். ஞாயிறு தமிழ்ப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் உள்ள எல்லாப் பிள்ளைகளும் அதை எழுதுவார்கள், பெற்றோரும் பக்கத்தில் இருந்து படித்துப் பார்ப்பார்கள், ஆண்டு விழாவில் முடிவுகளைத் திரையில் போடுவோம். இதுதான் திட்டம். சரி என்று சொல்லிவிட்டேன். உட்காரவும் உட்கார்ந்தேன். இரண்டாவது கேள்வியிலேயே எழுந்துவிட்டேன்.

முதல் கேள்வி, சமையலறை அலமாரிகள் செய்வது பிடிக்குமா என்பது. இரண்டாவது, செங்கல் கட்டுவது அல்லது டைல்ஸ் பதிப்பது. 'மிகவும் பிடிக்காது' என்பதில் தொடங்கி 'மிகவும் பிடிக்கும்' வரை ஐந்து பதில்கள். அதற்குப் படிப்பு இருக்கிறதா, எவ்வளவு சம்பளம் வரும் என்றெல்லாம் யோசிக்காமல், பிடிக்குமா என்று மட்டும் பார்க்கச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் படிக்கும்போது என் கண்ணுக்கு வருவது எங்கள் எதிர்வீட்டுக்காரர். சனிக்கிழமை காலையில் கராஜைத் திறந்து போட்டு, பாட்டு வைத்துக்கொண்டு, மகனோடு சேர்ந்து பலகை அறுத்துக்கொண்டிருப்பார். அவர் ஒரு பல் டாக்டர். தமிழில் எழுதினால் அதே வரி தச்சு வேலை ஆகிவிடுகிறது, கொத்து வேலை ஆகிவிடுகிறது. "படிக்கலைன்னா சித்தாள் வேலைக்குத்தான் போகணும்" என்று திட்டு வாங்கி வளர்ந்தவர்கள்தானே நாமெல்லாம்? அந்தச் சொல்லுக்குள் சாதி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருக்கும்போது எந்தப் பிள்ளை 'மிகவும் பிடிக்கும்' என்று அழுத்தும்?

இன்னொரு கேள்வி, சொந்தப் பிரச்சினையிலோ மன வருத்தத்திலோ இருப்பவர்களுக்கு உதவுவது பற்றி. நம் வீட்டுப் பிள்ளைக்கு இது 'நீ நல்ல பிள்ளையா' என்று கேட்பது போலத்தான் காதில் விழும். இசைக்கருவி வாசிப்பது பற்றியும் ஒரு கேள்வி உண்டு. ஐந்து வயதிலிருந்து வயலின் கிளாஸ், மிருதங்கம் கிளாஸ் என்று காரில் ஏற்றி இறக்கப்பட்ட நம் பிள்ளைகள் இதில் இரண்டு கட்சி. வாத்தியத்தைப் பார்த்தாலே எரிச்சல் வருபவர்கள் ஒரு கட்சி. அரங்கேற்றம் வரை சமர்த்தாகப் போய், காலேஜ் விண்ணப்பத்தில் எழுதியதும் பெட்டியை மூடிவிடுபவர்கள் இன்னொரு கட்சி. பதில்களை ஆறு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டத்தில் மதிப்பெண் போடுவார்கள். அதில் 'கலை' என்ற கட்டத்தில் இவர்கள் வாங்கும் மதிப்பெண் எதைக் காட்டுகிறது? இருபது வருடமாக விட்டு விட்டு இந்த முடிவுகளைப் பார்த்து வருகிறேன், எனக்கு இன்னும் நிச்சயமாகச் சொல்ல வரவில்லை.

அப்புறம் உங்கள் அறிவிப்பைப் பார்த்தேன். 'எல்லா இன மக்களுக்கும் ஒரே மாதிரி பலன் தருவதாக நிரூபிக்கப்பட்ட சோதனை' என்று போட்டிருக்கிறீர்கள். அந்த வரியில் ஒரு பாதி உண்மை. எந்தப் பாதி என்று தனியாக உங்களிடம் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் வேறு ஊர்ச் சங்கங்களிலும் இதே யோசனை ஓடுவதாகக் கேள்விப்பட்டேன், அதனால் பொதுவில் எழுதுகிறேன்.

இந்தச் சோதனைகளின் பாட்டனார் எட்வர்ட் ஸ்ட்ராங், ஸ்டான்ஃபோர்டில் உளவியல் பேராசிரியர். 1927இல் அவர் வெளியிட்ட ஆர்வச் சோதனைதான் இன்றுவரை திருத்தித் திருத்திப் பயன்படுகிறது. அவருடைய வழி கெட்டிக்காரத்தனமானது. வக்கீல்களிடம் எதெல்லாம் பிடிக்கும், எதெல்லாம் பிடிக்காது என்று கேட்டார். பொதுவான ஆண்களிடமும் அதையே கேட்டார். இரண்டு கூட்டமும் எங்கே வேறுபடுகிறது என்று குறித்துக்கொண்டார். உங்கள் பதில் வக்கீல்களுடைய பதில் போல இருந்தால் அந்தத் தொழிலில் நீங்கள் ஒட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். உங்களுக்குத் திறமை உண்டா என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. (இதைப் பெற்றோரிடம் தயவுசெய்து மைக்கில் இரண்டு முறை சொல்லுங்கள். 'ஆராய்ச்சி' கட்டத்தில் மதிப்பெண் குறைந்தால் பிள்ளைக்கு மூளை குறைவு என்று அர்த்தம் இல்லை.)

ஆனால் 1920களின் அமெரிக்காவில் வக்கீல் என்றால் யார், இன்ஜினியர் என்றால் யார்? கிட்டத்தட்ட எல்லாருமே வெள்ளைக்கார ஆண்கள். ஆக, அளவுகோலில் பதிந்தது தொழிலின் ருசி மட்டும்தானா, அந்த ஆட்களின் ருசியும் சேர்ந்தா? பெண்கள் விஷயத்தில் இந்தக் கேள்வி முதலில் வெடித்தது. 1933இல் பெண்களுக்கென்று தனிப் படிவம் போட்டார்கள். ஆண்களுக்கு நீலத் தாள், பெண்களுக்கு ரோஸ் தாள் என்று பிரித்து வைத்திருந்த காலமும் ஒன்று இருந்தது. எந்தத் தாளை நிரப்பினாய் என்பதைப் பொறுத்து எந்தெந்தத் தொழில்கள் உன் கண்ணில் படும் என்பதே மாறியது. 1970களின் பெண்ணுரிமை இயக்கம் சண்டை போட்டு, 1974இல்தான் இரண்டும் ஒரே படிவம் ஆயின.

இனம் பற்றிய கதை இன்னும் பழையது, பலருக்குத் தெரியாதது. ஸ்ட்ராங்கே 1930களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் குடியேறிய ஜப்பானியர்களின் பிள்ளைகளை, அதாவது இங்கேயே பிறந்த இரண்டாம் தலைமுறையை, ஆராய்ந்து 1934இல் புத்தகம் போட்டார். அந்தப் பிள்ளைகளின் நிலைமை என்ன தெரியுமா? கல்லூரி முடித்து இன்ஜினியரிங் பட்டம் வாங்கியவன் பழக்கடையில் ஆரஞ்சு அடுக்கிக்கொண்டிருப்பான். வெள்ளையர் நிறுவனங்கள் வேலைக்கு எடுக்கவில்லை. அந்தப் பையனுக்கு ஆர்வச் சோதனை வைத்து 'உனக்கு இன்ஜினியரிங் பொருந்துகிறது' என்று மிகச் சரியாகச் சொல்லலாம். சொல்லி என்ன? கொஞ்ச வருடம் கழித்து, 1942இல், ஜப்பானோடு நடந்த போரைக் காரணம் காட்டி அவனைக் குடும்பத்தோடு முகாமில் அடைத்தார்கள். இந்த விவகாரத்தை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழக்கடைதான் ஞாபகம் வருகிறது.

நீங்கள் தேர்ந்தெடுத்த ஓ-நெட் சோதனை ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளரின் வழியில் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்தில் சேர வந்தவர்களை நேர்காணல் செய்த மனிதர் அவர். எத்தனை ஆயிரம் பேர் வந்தாலும் சில வகைகளுக்குள் அடங்கிவிடுகிறார்கள் என்று அவருக்கு அங்கே தோன்றியது. 1959இல் அதைக் கோட்பாடாக எழுதினார். கைவேலை, ஆராய்ச்சி, கலை, பிறருக்கு உதவுவது, ஆட்களை நடத்துவதும் விற்பதும், ஒழுங்கும் கணக்கும் என்று ஆறு வகை. இந்த ஆறும் ஓர் அறுகோணத்தின் முனைகள் என்றார்கள். ஆறு புள்ளிக் கோலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் உறவு, எதிரெதிர்ப் புள்ளிகள் தூரம். கலை பிடித்தவருக்குக் கணக்கு ஒழுங்கு அவ்வளவாகப் பிடிக்காது, ஆராய்ச்சி ஓரளவு பிடிக்கலாம், இப்படி.

'எல்லா இனத்துக்கும் ஒரே மாதிரி' என்று ஆராய்ச்சியாளர்கள் பேசும்போது பெரும்பாலும் கேட்பது இந்தக் கோலத்தைப் பற்றித்தான். கறுப்பினப் பிள்ளைகளின் பதில்களை வைத்துப் புள்ளி வைத்தாலும் அதே வரிசையில் விழுகிறதா? மெக்சிகோ வழிப் பிள்ளைகளுக்கு? பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு? 1996இல் ஜேம்ஸ் ரவுண்ட்ஸும் டெரன்ஸ் ட்ரேசியும் பல நாடுகளின் தரவுகளையும் அமெரிக்கச் சிறுபான்மையினரின் தரவுகளையும் திரட்டிப் பார்த்து, ஹாலண்டின் கோலம் அமெரிக்கப் பொதுத் தரவில் பொருந்துகிற அளவுக்கு மற்ற இடங்களில் பொருந்தவில்லை என்றார்கள். இரண்டே வருடத்தில், 1998இல், அதே ரவுண்ட்ஸ் சூசன் டே என்பவரோடு சேர்ந்து 49,000க்கும் மேற்பட்ட மாணவர்களின் பதில்களை எடுத்துக்கொண்டு, ஐந்து இனப் பிரிவுகளிலும் கோலம் ஏறக்குறைய ஒன்றே என்று காட்டினார். உங்கள் அறிவிப்பின் பாதி உண்மை இங்கிருந்து வருகிறது. அதை நான் மறுக்கவில்லை. சொல்லப்போனால் எனக்கே அது ஆச்சரியமாக இருந்தது. இந்தச் சோதனை வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமே பொருந்தும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன்.

ஆனால் அந்த மாணவர்கள் யார் என்று பாருங்கள். ஏசிடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வு எழுத வந்தவர்கள். கல்லூரிக்குப் போவது என்று ஏற்கெனவே முடிவு செய்த பிள்ளைகள். பள்ளியைப் பாதியில் விட்டவன், பதினொன்றாம் வகுப்பிலேயே இரவு ஷிப்டுக்குப் போகிறவள் அந்தக் கணக்கில் இல்லை. 2003இல் ஆம்ஸ்ட்ராங், ஹியூபர்ட், ரவுண்ட்ஸ் மூவரும் வேறொரு கணக்கு முறையில் பார்த்தபோது, வெள்ளையருக்கும் ஆசிய வழியினருக்கும் கோலம் நன்றாகப் பொருந்துகிறது, கறுப்பினத்தவருக்கும் ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின்) வழியினருக்கும் அவ்வளவு நன்றாக இல்லை என்று வந்தது. ரவுண்ட்ஸ் என்ற ஒரே மனிதர் மூன்று ஆய்விலும் இருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். தன் முடிவையே திரும்பத் திரும்பத் தோண்டிப் பார்க்கிற ஆளை எனக்குப் பிடிக்கும். 'நிரூபிக்கப்பட்டது' என்ற சொல்லை மட்டும் அவர் பெயரில் போட முடியாது.

"ஆசியருக்குப் பொருந்துகிறதே, அப்புறம் நமக்கென்ன" என்று பொருளாளர் கேட்பார், எனக்குத் தெரியும். அந்த 'ஆசியர்' என்ற கட்டத்துக்குள் சீனர், கொரியர், பிலிப்பினோ, வியட்நாமியர், லாவோஸிலிருந்து அகதியாக வந்த மோங் மக்கள், நாம் எல்லாருமே ஒரே சாக்கில். தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகளை மட்டும் பிரித்தெடுத்து அதில் யாரும் பார்க்கவில்லை. அதோடு, இந்த அமெரிக்க மாணவர்கள் எழுதியது ஆங்கிலப் படிவம். நான் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தமிழில் எழுதித் தந்தால் அது புதிய சோதனை. பழைய ஆய்வுகள் எதுவும் அதற்குச் செல்லாது. ஒழுங்காகச் செய்வதென்றால் ஒருவர் தமிழாக்கி, வேறொருவர் அதை மூலம் பார்க்காமல் ஆங்கிலத்துக்குத் திருப்பி, இரண்டையும் ஒப்பிட்டு, சில நூறு பேரிடம் எழுத வைத்துப் புள்ளிகள் எங்கே விழுகின்றன என்று பார்க்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தமிழைவிட நன்றாகவே வரும். அவர்கள் ஆங்கிலத்திலேயே எழுதட்டும்.

கோலம் ஒன்றாக இருந்தாலும் சராசரி மதிப்பெண் இனத்துக்கு இனம் மாறலாம். இது வேறு சங்கதி, இங்கேதான் நான் வேலை செய்யும் இடத்தில் சேதம் நடக்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், கறுப்பினத்தவரின் சராசரி ஆர்வம் கருவிகளோடும் பொருள்களோடும் செய்கிற வேலையைவிட மனிதர்களோடு செய்கிற வேலையின் பக்கம் சற்றுச் சாய்கிறது என்கிறார்கள். வித்தியாசம் பெரிதில்லை. ஆனால் ஒரு கவுன்சிலர் அதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். கறுப்பினப் பெண் வந்தாலே நர்சிங் உதவியாளர் பிரசுரத்தை நீட்டிவிடுவார். நான் முதலில் வேலை பார்த்த பள்ளியில் இது தினமும் நடந்தது. நீட்டியவர்களில் நானும் உண்டு, ஒளிப்பானேன்.

அந்தச் சாய்வு எங்கிருந்து வந்தது என்று கேட்க எனக்குச் சில வருடம் ஆனது. எலக்ட்ரீஷியன், பிளம்பர், இரும்பு வேலைத் தொழிற்சங்கங்கள் கறுப்பினத்தவரைப் பல பத்தாண்டுகள் பெரும்பாலும் சேர்க்கவே இல்லை. சங்கத்தில் இல்லாதவனுக்குத் தொழில் பயிற்சி கிடையாது, பயிற்சி இல்லாதவனுக்கு வேலை கிடையாது. 1969இல் நிக்சன் அரசு பிலடெல்பியா திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து கட்டுமான வேலைகளில் அவர்களைச் சேர்க்க வற்புறுத்த வேண்டியிருந்தது. ஆசிரியர் வேலை, தேவாலயம், தபால் நிலையம் போன்ற சில கதவுகள்தான் திறந்திருந்தன. தாத்தா கையில் ஒயர் கட்டர் இல்லாத வீட்டில் பேத்திக்கு அந்த வேலை எப்படிப் பிடிக்கும்?

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி. கைவேலைக் கட்டத்தில் ஏறக்குறைய பூஜ்யம். "இதில் எதையாவது செய்து பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டேன். ஒன்றுகூட இல்லை. செய்யாததை எல்லாம் 'பிடிக்காது' என்று அழுத்தியிருந்தாள். நாடக வகுப்பில் மேடை விளக்குக்கு ஆள் பற்றவில்லை என்று நான்தான் அனுப்பினேன். இரண்டு மாதம் ஏணியில் ஏறி இறங்கிவிட்டு வந்து மறுபடி எழுதியபோது அதே கட்டம் அவளுக்கு இரண்டாவது இடத்தில் இருந்தது. சோதனை முதல் தடவையும் பொய் சொல்லவில்லை. அவளுக்கு எதெல்லாம் காட்டப்பட்டிருந்தது என்பதைச் சரியாகச் சொன்னது.

இப்போது நம் வீட்டுக்கு வாருங்கள். 1965 குடியேற்றச் சட்டமும் 1990இல் வந்த எச்-1பி விசாவும் நம்மை ஒரு சல்லடையில் போட்டுச் சலித்துத்தான் இங்கே கொண்டுவந்தன. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் நம் பாட்லக் விருந்தில் சாம்பார் சாதத் தட்டோடு நிற்கிற இருபது அப்பாக்களில் பதினைந்து பேர் ஐடி, மூன்று பேர் டாக்டர். நம் பிள்ளைக்கு உலகத்தில் இருக்கும் வேலைகளே அவ்வளவுதான். அந்த மேடை விளக்குப் பெண்ணின் வீட்டில் இல்லாமல் போனது ஒன்று, நம் வீட்டில் இல்லாமல் போனது இன்னொன்று. நமக்குக் கதவு யாரும் சாத்தவில்லை. நாமேதான் சாத்திக்கொள்கிறோம்.

இன்னும் ஒன்று. 1999இல் மெய் டாங், நாடியா ஃபவாட், பிலிப் ஸ்மித் ஆகியோர் ஆசிய அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை ஆராய்ந்தார்கள். தொழில் தேர்வைத் தீர்மானித்ததில் குடும்பத்தின் பங்கு தெரிந்தது, அமெரிக்கப் பழக்கவழக்கத்தில் எவ்வளவு கலந்துவிட்டார்கள் என்பது தெரிந்தது, 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை தெரிந்தது. ஆர்வத்துக்கும் தேர்ந்தெடுத்த தொழிலுக்கும் சொல்லிக்கொள்ளும்படி தொடர்பு இல்லை. சோதனையைக் குறை சொல்ல முடியுமா? தெர்மாமீட்டர் காய்ச்சல் 102 என்று காட்டுகிறது. வீட்டில் பெரியவர்கள், "அதெல்லாம் ஒண்ணுமில்லை, ஸ்கூலுக்குப் போ" என்கிறார்கள். இதே ஃபவாட் 2005இல் ஏஞ்சலா பையர்ஸ்-வின்ஸ்டனோடு சேர்ந்து பல ஆய்வுகளைத் தொகுத்தபோதும் கிட்டத்தட்ட இதுதான் வந்தது. எந்த இனமானாலும் பிள்ளைகள் ஆசைப்படுவதில் பெரிய வித்தியாசம் இல்லை. அது நமக்குக் கிடைக்குமா, வழியில் என்னென்ன தடை என்று அவர்கள் நினைப்பதில்தான் வித்தியாசம்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

அறிவிப்பில் அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள். 'அமெரிக்கப் பள்ளிகளில் பரவலாகப் பயன்படும் இலவச ஆர்வச் சோதனை' என்று போட்டால் போதும், அது உண்மை. கட்டணம் வாங்கும் வேறு சோதனைக்கு யாரோ விலை கேட்டு வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். வேண்டாம், அந்தப் பணத்துக்குப் பிள்ளைகளை எங்காவது வேனில் கூட்டிப் போகலாம்.

திரையில் முடிவு போடுவது அறவே கூடாது. 'கலை' என்று வந்த பிள்ளை அன்று இரவு வீட்டில் என்ன கேட்கும் என்று உங்களுக்கும் தெரியும். முடிவு முதலில் பிள்ளைக்கு, அவர்கள் விரும்பினால் பிறகு பெற்றோருக்கு. எழுதும்போது பெற்றோர் வேறு அறையில் காபி குடிக்கட்டும். தாளின் ஓரத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சின்ன டிக் கேட்கப்போகிறேன்: இதை எப்போதாவது செய்து பார்த்திருக்கிறாயா அல்லது யாராவது செய்வதைக் கிட்டே நின்று பார்த்திருக்கிறாயா? மதிப்பெண்ணைவிட அந்த டிக்குகளைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஆறு கட்டமும் தட்டையாக, எல்லாமே குறைவாக வந்தால், 'எதிலும் ஆர்வம் இல்லாத பிள்ளை' என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பதினான்கு வயது. பொதுவாக ஆர்வங்கள் ஒரு நிலைக்கு வருவதே பதினெட்டுக்கு மேல்தான்.

அப்புறம், நம் ஊரிலேயே ஆட்கள் இருக்கிறார்கள், நாம் மேடைக்குக் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான். நம் சங்கத்தில் லிப்ட் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார் தெரியுமா? யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், வருடா வருடம் பொங்கலுக்கு ஸ்பீக்கர் கட்டித் தருவார். நான் போன வாரம் பேசிவிட்டேன், வருகிறேன் என்றார். விலங்கு மருத்துவமனையில் வேலை செய்யும் அக்கா ஒருவர் வருகிறார். நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருப்பவரையும் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. ஐடியிலிருந்து ஒருவர் போதும், அதற்கு நீங்களே அடித்துக்கொள்வீர்கள். இவர்கள் வந்து பேசி, பிள்ளைகள் கையில் ஸ்பேனரையோ ஸ்டெதஸ்கோப்பையோ பிடித்துப் பார்த்து, அதற்கடுத்த மாதம் சோதனை வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது சனிக்கிழமை பத்து மணிக்கு நூலகத்தின் சின்ன அறையை என் பெயரில் எடுத்திருக்கிறேன். குழுவில் எல்லாரும் வாருங்கள், முதலில் நீங்கள் 60 கேள்விக்கும் பதில் எழுதுங்கள், பத்துப் பதினைந்து நிமிடம்தான் ஆகும். புரொஜெக்டர் வேண்டாம். செயலாளர் அண்ணன் கைவேலைக் கட்டத்தில் எவ்வளவு வாங்குகிறார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அன்புடன்,
உங்கள் தமிழ்ப் பள்ளி உயர்நிலை வகுப்பு ஆசிரியை